காய்ச்சலும் ஐந்து கேள்விகளும்: மருத்துவர் எவ்வாறு முடிவெடுக்கிறார்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை எங்கள் புறநோயாளர் பிரிவில் அதிகமாகக் காதில் விழும் சொல் 'காய்ச்சல்'. அதனை அடுத்துக் குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்று. 'இது என்ன காய்ச்சல்?' 'ஏன் ஊசியோ குளுக்கோஸ் பாட்டிலோ போடவில்லை?' 'மருந்து கொடுத்த பிறகும் நாளை மீண்டும் வரச் சொல்வது ஏன்?'

மூன்றும் நியாயமான கேள்விகளே. கூட்டம் மிகுந்த நாட்களில் அவற்றிற்கு முழுமையாக விடை கூற எங்களுக்கு நேரம் வாய்ப்பதில்லை. ஆகவே, காய்ச்சலோடு வரும் ஒருவரைச் சோதித்து, நோயை உய்த்துணர்ந்து, சிகிச்சையை முடிவு செய்யும்போது மருத்துவரின் சிந்தனை எவ்வழியே செல்கிறது என்பதை இப்பாடத்தில் விளக்க முற்படுகிறோம்.

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. காய்ச்சல் என்பது நோயன்று, நோயின் அறிகுறி. சாதாரண வைரஸ் தொற்று, டெங்கு, டைபாய்டு, மலேரியா, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபஸ், சிறுநீர்த் தொற்று, நிமோனியா என எத்தனையோ நோய்கள் முதல் இரண்டு நாட்களில் ஏறத்தாழ ஒரே முகத்துடன் தோன்றுகின்றன. உடல்வலி, தலைவலி, சோர்வு, பசியின்மை ஆகியவை அனைத்திற்கும் பொது. எனவே முதல் நாளிலேயே நோயின் பெயரை உறுதியாகச் சொல்ல இயலாத நிலை அடிக்கடி ஏற்படுகிறது. பெயர் தெரியாத நிலையிலும் பாதுகாப்பான முடிவை எடுப்பதே மருத்துவரின் பணி. அதற்காக அவர் தமக்குள் ஐந்து கேள்விகளை வரிசையாக எழுப்பிக்கொள்கிறார்.

முதற்கேள்வி: இப்பொழுதே ஆபத்து உள்ளதா?

நோயின் பெயரை அறிவதற்கு முன்பே விடை காண வேண்டிய கேள்வி இது. நீங்கள் மருத்துவரின் அறைக்குள் நுழையும் முன்னரே செவிலியர் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, உடல் வெப்பம், இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்வதன் காரணமும் இதுவே. அமைதியாக அமர்ந்திருக்கும் பெரியவருக்கு நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை நாடித்துடிப்பும், 12 முதல் 20 வரை மூச்சும் இயல்பு. காய்ச்சலில் நாடி சற்று விரைவது எதிர்பார்க்கத்தக்கது. ஆனால் காய்ச்சல் தணிந்த பின்னும் நாடி விரைந்தே இருந்தால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

சில வேளைகளில் மருத்துவர் நோயாளியின் விரல்நகத்தைச் சிறிது நேரம் அழுத்திவிட்டு விடுவதைக் கண்டிருப்பீர்கள். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு நொடிகளுக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். அதற்கு மேலும் தாமதமானால், கைகால்களும் குளிர்ந்திருந்தால், உடலின் ஓரப் பகுதிகளுக்கு இரத்த ஓட்டம் குறைகிறது என்று பொருள். டெங்குவில் இச்சிறு சோதனைக்கு மிகுந்த மதிப்புண்டு. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து உடல் அதிர்ச்சி நிலையை நெருங்கும்போதும் நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். இரத்த அழுத்தத்தின் மேல் எண் இயல்பாகவே இருக்கும். ஆனால் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடையிலான வேறுபாடு 20 அல்லது அதற்கும் கீழாகச் சுருங்கியிருக்கும். 'நன்றாகத்தானே பேசுகிறார், எதற்காக உடனே உள்நோயாளியாகச் சேர்க்கச் சொல்கிறீர்கள்?' என்று குடும்பத்தினர் வியப்பது பெரும்பாலும் இத்தகைய தருணங்களிலேதான்.

முதற்கேள்விக்கு 'ஆம்' என்பது விடையானால், ஏனைய கேள்விகள் காத்திருக்கும். சிகிச்சை உடனே தொடங்கும்.

இரண்டாம் கேள்வி: என்னவாக இருக்கக்கூடும்? எதனைத் தவறவிடக் கூடாது?

மருத்துவர் மனத்தில் இரண்டு பட்டியல்கள் உருவாகின்றன. ஒன்று, இவ்வயதினருக்கு, இப்பருவத்தில், இவ்வூரில் மிகுதியாகக் காணப்படும் நோய்களின் பட்டியல். மற்றொன்று, அரிதாயினும் தவறவிட்டால் உயிருக்கு ஊறு விளைக்கும் நோய்களின் பட்டியல். பின்கழுத்து விறைப்போடு கூடிய காய்ச்சல் மூளை உறைக் காய்ச்சலாக இருக்கலாம். மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட் வந்துவிட்டாலே, வேறு அறிகுறி எதுவும் இல்லாவிடினும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவ்வயதில் கடுந்தொற்றும் அமைதியாகவே தோன்றும்.

இப்பட்டியல்களைச் சுருக்குவதற்கு உதவுபவை உங்கள் சொற்கள். காய்ச்சல் தொடங்கி இன்று எத்தனையாவது நாள்? குளிர்நடுக்கம் உண்டா? வெளியூர் சென்றீர்களா? வீட்டிலோ தெருவிலோ வேறு யாருக்கேனும் காய்ச்சலா? தேங்கிய மழைநீரிலோ வயலிலோ இறங்கினீர்களா? இறுதிக் கேள்வி வீண் விசாரணையன்று. எலிகளின் சிறுநீர் கலந்த நீரில் காலில் கீறலோடு நடந்தவருக்கு, கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் சேர்ந்து வந்தால், எலிக்காய்ச்சல் பட்டியலின் மேலே வந்துவிடும்.

உடலை முழுமையாகச் சோதிப்பதும் அவ்வாறே. புதர்ப் பகுதிகளில் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத உண்ணியின் இளம்புழு கடிப்பதால் ஸ்க்ரப் டைபஸ் பரவுகிறது. கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு ஒன்று பலருக்கு உண்டாகும். அது வலிப்பதில்லை. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி என மறைவான இடங்களிலேயே பெரும்பாலும் இருக்கும். நோயாளிக்கே தெரியாத அப்பொருக்கு கண்ணில் பட்டுவிட்டால், பல நாள் குழப்பம் ஒரு நிமிடத்தில் தீரும். கூச்சத்தின் காரணமாக உடற்சோதனையை மறுக்க வேண்டாம் என்றும், தேவையெனில் பெண் மருத்துவரையோ உடன் இருக்கப் பெண் செவிலியரையோ கேளுங்கள் என்றும் நாங்கள் வேண்டுவது இதனாலேயே.

மூன்றாம் கேள்வி: எந்தச் சோதனை என் முடிவை மாற்றும்?

'எல்லா டெஸ்டும் எடுத்துவிடுங்கள்' என்று அன்பு மிகுதியால் பலர் கூறுவர். சோதனைகள் மிகுந்தால் உண்மை மிகும் என்பது இயல்பான எண்ணம். ஆனால் கணக்கு வேறு விதமாக உள்ளது.

ஒரு கற்பனைச் சோதனையை எடுத்துக்கொள்வோம். நோயுள்ள 100 பேரில் 95 பேருக்கு அது 'உண்டு' என்று காட்டும். நோயில்லாத 100 பேரில் 95 பேருக்கு 'இல்லை' என்று காட்டும். மிக நல்ல சோதனைதான். நோய்க்கான குறிகளே இல்லாத 1,000 பேருக்கு இதனைச் செய்கிறோம். அவர்களுள் 10 பேருக்கே உண்மையில் நோய் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். அப்பத்துப் பேரில் ஒன்பது அல்லது பத்துப் பேருக்கு 'உண்டு' என வரும். எஞ்சிய 990 பேரிலும் ஏறத்தாழ 50 பேருக்குத் தவறாக 'உண்டு' என வரும். ஆக, 'உண்டு' என்ற தாளைக் கையில் வைத்திருப்போரில் ஆறு பேருக்கு ஒருவரே உண்மையான நோயாளி. அதே சோதனையை, குறிகளை ஆராய்ந்து, பாதிப் பேருக்கு நோய் இருக்கக்கூடிய 1,000 பேருக்குச் செய்தால், 'உண்டு' என வந்த 20 பேரில் 19 பேருக்கு நோய் உண்மையாகவே இருக்கும். சோதனை மாறவில்லை, அதற்கு முன் மருத்துவர் கேட்ட கேள்விகளே அதன் மதிப்பை மாற்றின.

காலமும் அவ்வாறே மதிப்பை மாற்றும். டெங்குவைக் காட்டும் என்.எஸ்.1 சோதனை காய்ச்சலின் முதல் சில நாட்களில் பயன் தரும். ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் சோதனை ஏறத்தாழ ஐந்தாம் நாளுக்குப் பிறகே நம்பத்தக்கது. இரண்டாம் நாளில் எடுத்த ஐ.ஜி.எம். 'இல்லை' என்று வந்தால், டெங்கு இல்லை என்று பொருளாகாது. டைபாய்டுக்காகச் செய்யப்படும் விடால் சோதனை, முன்பு வந்த தொற்றாலோ வேறு காய்ச்சலாலோகூட 'உண்டு' எனக் காட்டக்கூடும். ஆகவே இயன்றவரை ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே இரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப விரும்புகிறோம். வரும் வழியிலேயே மருந்துக்கடையில் இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரைகள் வாங்கி விழுங்கிவிட்டு வருபவரிடம், அக்கிருமி வளர்ப்புச் சோதனையும் பேசாமல் போகலாம்.

நான்காம் கேள்வி: சிகிச்சையால் வரும் பயன் மிகுதியா, தீங்கு மிகுதியா?

ஒவ்வொரு சிகிச்சையும் ஒரு தராசு. நோய் கொடியது, மருந்தின் தீங்கோ சிறியது என்றால், உறுதிப்பாட்டிற்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவோம். மூளை உறைக் காய்ச்சல், இரத்தத்தில் பரவிய கடுந்தொற்று, ஸ்க்ரப் டைபஸ் ஐயம் ஆகியவற்றில் அவ்வாறே செய்கிறோம். மாறாக, தானே தணியும் வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் பயன் தராது. வயிற்றுப்போக்கு, ஒவ்வாமை, மருந்துக்கு அடங்காத கிருமிகள் ஆகியவற்றையே தரும். இங்கே மருந்து கொடாமையே சிகிச்சை.

குளுக்கோஸ் பாட்டிலும் அப்படியே. வாய்வழியே பருக முடிந்தவருக்கு உப்பு சர்க்கரைக் கரைசல், கஞ்சி, மோர், இளநீர் ஆகியவை போதும். டெங்குவில் தேவைக்கு மேல் ஏற்றப்படும் நீர், கசியும் இரத்தக் குழாய்கள் வழியே நுரையீரலைச் சூழ்ந்தும் வயிற்றிலும் தேங்கி மூச்சுத் திணறலை உண்டாக்கும். ஆகவே எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதைப் போலவே எப்பொழுது நிறுத்த வேண்டும் என்பதும் கவனமாக எடுக்கப்படும் முடிவு. வலிக்காகப் போடப்படும் தசை ஊசியும், ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளும் டெங்குவில் இரத்தக்கசிவை மிகுவிக்கக்கூடும். எனவே பாராசிட்டமால் மட்டுமே கொடுக்கிறோம். அதனையும் குழந்தைகளுக்கு எடைக்கேற்ப, மருத்துவர் எழுதிய அளவிலும் இடைவெளியிலும் மட்டுமே கொடுக்க வேண்டும்.

குடும்பங்களை மிகவும் அச்சுறுத்தும் செய்தி தட்டணுக் குறைவு. இயல்பான அளவு ஏறத்தாழ 1,50,000 முதல் 4,50,000 வரை. இருவரை எண்ணிப் பார்ப்போம். முதலாமவருக்குத் தட்டணுக்கள் 40,000. ஆனால் காய்ச்சல் விட்டு இரண்டு நாட்கள் கடந்துவிட்டன, உணவு உண்கிறார், சிறுநீர் நன்றாகப் பிரிகிறது, இரத்தக்கசிவு இல்லை, இரத்தத்தின் அடர்த்தியைக் காட்டும் பி.சி.வி. நிலையாக உள்ளது. இரண்டாமவருக்குத் தட்டணுக்கள் 90,000. ஆனால் காய்ச்சல் இன்றுதான் விட்டது, வயிற்றுவலி தொடர்கிறது, மூன்று முறை வாந்தி, பி.சி.வி. 40இலிருந்து 48ஆக உயர்ந்துள்ளது. தாளில் உள்ள எண்ணை மட்டும் பார்ப்பவர் முதலாமவருக்காக அஞ்சுவார். நாங்கள் அஞ்சுவது இரண்டாமவருக்காக. பி.சி.வி. உயர்வு, இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களை விட்டு வெளியேறுவதைக் காட்டுகிறது. டெங்குவில் உயிருக்கு இடர் பெரும்பாலும் அவ்வழியேதான் வருகிறது.

அப்படியானால் தட்டணு ஏற்றிவிட்டால் பாதுகாப்புத்தானே என்று கேட்கலாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் டெங்குவால் தட்டணுக்கள் 20,000 வரையோ அதற்கும் கீழோ குறைந்த, ஆனால் பெரிய இரத்தக்கசிவு இல்லாத ஏறத்தாழ 370 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017இல் வெளியாயிற்று. முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றப்பட்டவர்களுக்கு இரத்தக்கசிவு குறையவில்லை. பக்க விளைவுகளோ மிகுதியாயின. இதற்கு நேர்மாறான செய்தியையும் ஆய்வுகள் தருவதுண்டு. கடுமையான ஸ்க்ரப் டைபஸ் நோய்க்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகிய இரண்டையும் சேர்த்துச் சிரைவழி கொடுப்பது, ஏதேனும் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நற்பயன் தருகிறது என்று இந்தியாவில் நடைபெற்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒன்று 'வேண்டாம்' என்றது. மற்றொன்று 'இன்னும் வேண்டும்' என்றது. இரண்டையும் ஒரே மனத்தோடு ஏற்றுக்கொள்வதே எங்கள் கடமை.

தராசின் நிலை ஆளுக்கு ஆள் மாறும் என்பதையும் கூற வேண்டும். கர்ப்பிணி, கைக்குழந்தை, முதியவர், சர்க்கரை நோயாளி, சிறுநீரக நோயாளி, இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவர் ஆகியோருக்கு அதே காய்ச்சலில் வேறு முடிவு எடுப்போம். முதியவர்களுக்குக் கடுந்தொற்றிலும் காய்ச்சல் குறைவாகவே காணப்படலாம். திடீர்க் குழப்பமான பேச்சே முதற்குறியாகலாம். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குக் கொடுத்த மருந்தை உங்களுக்குக் கொடுக்காதது பாராமுகமன்று.

ஐந்தாம் கேள்வி: மீண்டும் எப்பொழுது பார்க்க வேண்டும்?

முதல் நாள் முடிவு இறுதி முடிவன்று. நோய் நாளுக்கு நாள் தன் முகத்தைக் காட்டும். நான்காம் நாளில் தோன்றும் தடிப்பு, ஐந்தாம் நாளில் தோன்றும் மஞ்சள் காமாலை, அடங்காத குளிர்நடுக்கம் என ஒவ்வொன்றும் பட்டியலைத் திருத்தும். 'முதலில் வைரஸ் காய்ச்சல் என்றீர்கள், இப்பொழுது வேறு சொல்கிறீர்களே' என்று சிலர் வருந்துவர். புதிய குறி வெளிப்பட்ட பிறகும் பழைய முடிவையே பற்றிக்கொண்டிருந்தால்தான் வருந்த வேண்டும்.

டெங்குவைப் பொறுத்தவரை இக்கேள்விக்குத் தனிச்சிறப்பு உண்டு. பெரும்பாலும் நோயின் 3 முதல் 7 நாட்களுக்குள் காய்ச்சல் தணிகிறது. இடர்மிக்க 24 முதல் 48 மணி நேரம் தொடங்குவதும் அப்பொழுதே. காய்ச்சல் விட்டது என்று வீட்டார் மகிழ்ந்து கண்காணிப்பைத் தளர்த்தும் நாளே மிகுந்த கவனம் தேவைப்படும் நாள். 'நாளை வாருங்கள்' என்று நாங்கள் சொல்வது, நாள் கணக்கை எண்ணிப் பார்த்தே சொல்லப்படும் சொல்; அதுவும் மருந்துச்சீட்டின் ஒரு பகுதி.

குடும்பத்தினரின் பங்கு

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு நான்காவதாக அது சேர்ப்பது உடனிருந்து கவனிப்பவரை. இன்றைய மருத்துவமனையிலும் இது மாறவில்லை. மருத்துவர் நோயாளியைக் காண்பது சில நிமிடங்கள். நீங்கள் காண்பது இரவும் பகலும். எனவே கீழ்க்காண்பவற்றை ஒரு தாளில் குறித்து வர வேண்டுகிறோம்.

1. காய்ச்சல் தொடங்கிய நாள். 'நாலைந்து நாளாக' என்பதைவிட 'செவ்வாய்க்கிழமை மாலையிலிருந்து' என்பது எங்களுக்குப் பன்மடங்கு உதவும்.
2. வெப்பமானியில் பார்த்த அளவும் பார்த்த நேரமும்.
3. இதுவரை உட்கொண்ட அனைத்தும்: மாத்திரை, ஊசி, கசாயம், நிலவேம்புக் குடிநீர், பப்பாளி இலைச்சாறு என எதுவாயினும். கடிந்துகொள்வோமோ என்று மறைக்க வேண்டாம். மாத்திரை அட்டையையே எடுத்து வரலாம்.
4. குடித்த நீரின் அளவும், கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரமும்.
5. நெடுநாள் நோய்கள், நாள்தோறும் உண்ணும் மருந்துகள், மருந்து ஒவ்வாமை, கர்ப்பம்.
6. முன்பு எடுத்த சோதனைத் தாள்கள், நாள்வாரியாக அடுக்கப்பட்டு.

மருத்துவரிடம் நீங்களும் கேளுங்கள். 'எதனை ஐயுறுகிறீர்கள்? இச்சோதனையின் முடிவு எப்படி வந்தால் சிகிச்சை மாறும்? எந்தக் குறியைக் கண்டால் நாளை வரை காத்திராமல் வர வேண்டும்?' இம்மூன்றையும் கேட்பது உங்கள் உரிமை. விடை கூறுவது எங்கள் பொறுப்பு.

கீழ்க்காணும் குறிகளுள் ஒன்று தோன்றினாலும், நள்ளிரவாயினும், குறித்த நாளுக்குக் காத்திராமல் நோயாளியை அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். வாகனம் இல்லையெனில் 108ஐ அழையுங்கள்.

- தொடர்ந்த வயிற்றுவலி அல்லது தொடர்ந்த வாந்தி
- ஈறு, மூக்கு ஆகியவற்றில் இரத்தக்கசிவு, கருமலம், வழக்கத்தினும் மிகுந்த மாதவிடாய்
- கைகால் குளிர்தல், எழுந்து நிற்கையில் மயக்கம்
- ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை
- மூச்சுத் திணறல்
- மிகுந்த சோர்வு, அமைதியின்மை, குழப்பமான பேச்சு, வலிப்பு
- குழந்தை பால் குடிக்க மறுத்தல், எழுப்பினும் விழிக்காமை

காய்ச்சல் குறைந்துவிட்டது என்பதற்காக இப்பட்டியலை ஒதுக்கி வைக்க வேண்டாம். இப்பக்கத்தை எடுத்து, மழைக்காலம் முடியும்வரை நாட்காட்டியின் அருகே ஒட்டி வையுங்கள்.